சட்டமும் சம்பளமும்

(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக்கொண்ட விஷயம் ஒரு வக்கீலைப் பற்றியது. வக்கீல் என்று சொன்னதுமே முன்னால் உட்கார்ந்திருக்கும் சில தோழர்கள் சிரிக்கின்றார்கள். சிரிப்பதற்கு நியாயமிருக்கிறது. பீசு கொடுத்தவன் பக்கம் நியாயம் என்பதுதான் கச்சேரி வாசலுக்குப் போய் வந்த நம் ஜனங்கள் கண்ட அனுபவம். காலையில் கடன் கொடுத்தவனுக்காகப் பேசிய வாய், மாலையில் கடன் வாங்கியவனுக்காகவும் பேசும். இதை வக்கீல்கள் குற்றமென்று நினைப்பதில்லை. அதுதான் தங்கள் தொழிலின் யோக்கியதை என்கின்றார்கள். இருக்கட்டும்.

ஆனால் சர்க்கார் வக்கீலின் சங்கதி வேறு. அவருக்குப் பீசு கொடுப்பது ஒரு கட்சிக்காரன் அல்ல. வரி கொடுக்கின்ற அத்தனை பேரும் சேர்ந்து கொடுக்கின்றோம். ஆலைக்காரன் ஆற்றில் விஷத்தை விட்டால் அவனை நீதிஸ்தலத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்காக ஒருவருக்கு நாம் சம்பளம் கொடுக்கின்றோம். அந்தச் சம்பளத்தில் அவர் சட்டத்தின் சந்து பொந்துகளையெல்லாம் கற்றுக்கொள்ளுகின்றார். பிறகு ஒரு நாள் உத்தியோகத்தை விட்டு விட்டு, கற்றுக்கொண்ட வித்தையை மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு ஆலைக்காரனிடமே வேலைக்குப் போகின்றார். சில வருஷங் கழித்து மறுபடியும் சர்க்கார் உத்தியோகத்துக்கு வருகின்றார். இவரை நம்பலாமா, நம்பக்கூடாதா என்பதே கேள்வி.

இதை வெறும் தர்க்கமாகப் பேசுவதில் பிரயோஜனமில்லை. ஆகவே உண்மையாக இருந்த ஒரு மனிதரையே எடுத்துக்கொள்ளுவோம். அமெரிக்காவில் வில்லியம் ரக்கல்ஸ்ஹவுஸ் என்று ஒருவர் இருந்தார். 1932இல் இண்டியானாபொலிஸ் நகரத்தில் பிறந்து 2019 நவம்பரில் காலமானவர். வாய்க்குள் நுழையாத பெயர்தான். இந்தப் பேச்சு முடிவதற்குள் பழகிப்போகும்.

இவர் ஏழை வீட்டுப் பிள்ளை அல்ல. வக்கீல் குடும்பத்தில் பிறந்து, பிரின்ஸ்டன், ஹார்வர்டு என்கின்ற பெரிய கல்லூரிகளில் படித்து, 1960இல் சட்டப் பரீட்சை தேறினவர். அரசியலில் குடியரசுக் கட்சி. அந்தக் கட்சி முதலாளிகளுக்கு விரோதமான கட்சி என்று அதன் எதிரிகள்கூடச் சொல்லமாட்டார்கள். இதை முதலிலேயே சொல்லி வைப்பதற்குக் காரணம், இவரை நாம் ஒரு மகானாக ஜோடித்துக் காட்டப் போவதில்லை என்பதற்காகத்தான்.

செத்த மீனும் ஒரு புட்டித் தண்ணீரும்

படிப்பு முடிந்ததும் இண்டியானா மாகாண சர்க்காரில் உதவி வக்கீல் வேலை கிடைத்தது. அவரை மாகாண சுகாதார போர்டுக்கு அனுப்பினார்கள். அப்போது அமெரிக்காவில் ஆற்றுத் தண்ணீரையும் காற்றையும் காபந்து செய்கின்ற பொறுப்பு பெரும்பாலும் மாகாணங்களிடமே இருந்தது. இவர் ஒரு சுகாதார இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு, ஒரு மூடு வண்டியில் மாகாணத்தைச் சுற்றினார். எந்த ஆற்றில் மீன் செத்து மிதக்கின்றதோ அங்கே வண்டியை நிறுத்துவது, மீனைப் படம் பிடிப்பது, எந்த ஆலையின் குழாய் அங்கே வந்து விழுகின்றதோ அந்தக் குழாய் வாயில் ஒரு புட்டித் தண்ணீர் பிடிப்பது, அதைப் பரீட்சை செய்து நீதிஸ்தலத்தில் கொண்டுபோய் வைத்துத் தடையுத்தரவு கேட்பது. இதுதான் வேலை.

தோழர்களே! இந்த வேலையின் அருமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மீன் செத்ததற்குக் காரணம் கேட்டால் காலக் கேடு என்பான் ஒருவன். தலையெழுத்து என்பான் மற்றொருவன். தண்ணீருக்கு வந்த நோய் என்பான் ஆலைக்காரன். இந்த மூன்று பேருக்கும் ஒரு புட்டித் தண்ணீர் பதில் சொல்லிவிடுகின்றது. எந்தக் குழாய், எந்தத் தேதி, எவ்வளவு விஷம் என்பது எழுத்தில் வந்துவிட்டால் அப்புறம் தலையெழுத்துக்கு அங்கே வேலை இல்லை. 1961இல் இண்டியானா மாகாணம் செய்த காற்றுச் சுத்தச் சட்டத்தை எழுதுவதிலும் இவருக்குப் பங்கு உண்டு.

ஆனால் இந்த உத்தியோகத்தில் இவர் ஒரு கசப்பான பாடத்தையும் கற்றுக்கொண்டார். ஒரு பெரிய ஆலையைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால், ஆலைக்காரன் மாகாண கவர்னரிடம் போய், “அடுத்த மாகாணத்தில் இவ்வளவு தொல்லை இல்லை, நாங்கள் அங்கே போய்விடுகிறோம்” என்று சொல்லுவான். வேலையும் வரியும் போய்விடுமே என்கின்ற பயத்தில் கவர்னர் கையைத் தளர்த்துவார். அடுத்த மாகாணத்துக் கவர்னருக்கும் இதே பயம். இப்படி ஒருவரை ஒருவர் காட்டிப் பயமுறுத்தியே ஆலைக்காரர்கள் எல்லா மாகாணங்களையும் ஆட்டி வைத்தார்கள். தேசம் முழுமைக்கும் ஒரே சட்டம், அதை நடத்த ஒரே இலாகா என்று இருந்தாலொழிய ஓடி ஒளிகின்றவனைப் பிடிக்க முடியாது என்பது இவருக்கு அப்போதே விளங்கிற்று. சட்டம் எவ்வளவு கெட்டியானாலும் எல்லைக் கோடு தாண்டினால் செல்லாது என்றால், அது வேலியில்லாத தோட்டத்துக்குப் பூட்டுப் போட்ட கதைதான்.

புது இலாகா

1969 ஜூனில் கிளீவ்லாந்து நகரத்துக் கயஹோகா ஆறு தீப்பிடித்து எரிந்தது. தண்ணீர் எப்படி எரியும் என்று கேட்காதீர்கள். எரிந்தது தண்ணீர் அல்ல, அதன் மேல் மிதந்த எண்ணெயும் ஆலைக் கழிவும். இதில் ஒரு வேடிக்கை. “டைம்” பத்திரிகை அந்தச் சமயம் வெளியிட்ட படம் அந்தத் தீயின் படமே அல்ல. 1952இல் அதே ஆறு எரிந்தபோது எடுத்த படம். அதாவது அந்த ஆறு எரிவது புதிதல்ல, தேசம் அதைக் கவனித்ததுதான் புதிது. அதே 1969இன் தொடக்கத்தில் சாந்தா பார்பரா கடற்கரையில் எண்ணெய்க் கிணறு வெடித்துக் கடலெல்லாம் எண்ணெயாயிற்று. 1970 ஏப்ரல் 22இல் சுமார் 2 கோடி ஜனங்கள் தேசமெங்கும் கூட்டம் போட்டுக் கேள்வி கேட்டார்கள். நிக்சன் என்கின்ற ஜனாதிபதிக்கு ஆற்றின் மேலும் காற்றின் மேலும் அப்படி ஒன்றும் பெரிய காதல் கிடையாது. ஓட்டின் மேல் உண்டு. 1970 டிசம்பரில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா என்று ஒன்று பிறந்தது. அதன் முதல் தலைவராக, 38 வயதான ரக்கல்ஸ்ஹவுஸ் நியமிக்கப்பட்டார்.

உட்கார்ந்த ஒரு வாரத்துக்குள் அவர் என்ன செய்தார் தெரியுமா? நகரசபைக்காரர்கள் கூடியிருந்த மகாநாட்டுக்கே போய், அட்லாண்டா, டெட்ராய்ட், கிளீவ்லாந்து என்கின்ற மூன்று பெரிய நகரங்களும் சாக்கடையை ஆற்றில் விடுவதை 180 நாளைக்குள் சீர்செய்யாவிட்டால் வழக்கு வரும் என்று அறிவித்தார். மகாநாடு நடந்த ஊரே அட்லாண்டா! விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டுக்காரன் கையிலேயே நோட்டீசைக் கொடுத்த மாதிரி. கயஹோகா ஆற்றில் சயனைடு விட்ட ஜோன்ஸ் அண்டு லாப்லின் என்கின்ற எஃகுக் கம்பெனியின் பேரிலும் நடவடிக்கை எடுக்கும்படி அதே மாதம் நீதி இலாகாவுக்கு எழுதினார்.

அப்போது கையில் இருந்த சட்டங்களெல்லாம் மொட்டைக் கத்திகள். ஆகவே 1899இல் செய்த ஒரு பழைய சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். கப்பல் போகின்ற ஆறுகளில் அனுமதியில்லாமல் குப்பை கொட்டக்கூடாது என்பது அந்தச் சட்டம். கப்பலுக்காகச் செய்த சட்டத்தை மனிதனுக்காக உபயோகப்படுத்தினார்கள். 1972 அக்டோபரில்தான் தண்ணீருக்கென்று கூர்மையான சட்டம் வந்தது. நிக்சன் அதைத் தள்ளுபடி செய்தார். சட்டசபைகள் இரண்டும் அந்தத் தள்ளுபடியைத் தள்ளுபடி செய்து நிறைவேற்றின.

சட்டத்தை நடத்துவது என்றால் அபராதம் வாங்குவது என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கின்றார்கள். ஒரு தேசத்தில் பதினாயிரக்கணக்கான குழாய்கள் இருக்கும்; அத்தனையையும் எந்த சர்க்காராலும் காவல் காக்க முடியாது. பத்துப் பெரிய மனிதர்களை நீதிஸ்தலத்தில் நிறுத்தினால், மற்றவர்கள் தாங்களாகவே குழாயை அடைப்பார்கள். சின்னவனைப் பிடித்துப் பெரியவனை விட்டால் ஒருவனும் அடைக்கமாட்டான். இதைத் தெரிந்துகொண்டு நடந்தவர் என்கின்ற அளவில் நாம் இவரை மெச்சுகின்றோம்.

ஒரே வழக்கில் இரண்டு வேஷம்

டி.டி.டி. என்கின்ற பூச்சி மருந்தை எல்லோரும் அறிவீர்கள். பருத்திக் காட்டிலும் மற்ற வயல்களிலும் அமெரிக்கர்கள் அதைக் கொட்டோ கொட்டென்று கொட்டினார்கள். அது மக்கிப் போகாமல் மண்ணிலும் மீனிலும் பறவையிலும் சேர்ந்துகொண்டே போகிறது என்று ரேச்சல் கார்சன் என்கின்ற அம்மையார் 1962இல் புஸ்தகம் எழுதினார். அதைத் தடுக்கும்படி ஒரு சங்கத்தார் விவசாய இலாகாவின் மேல் வழக்குப் போட்டார்கள். 1970இல் அந்த வழக்கில் விவசாய இலாகாவுக்காக, அதாவது டி.டி.டி.யை உடனே நிறுத்தத் தேவையில்லை என்று, ஆஜரானது மத்திய சர்க்காரின் நீதி இலாகா. அதில் சிவில் பகுதிக்குத் தலைவர் யார்? ரக்கல்ஸ்ஹவுஸ்தான்! வழக்கு முடிவதற்குள் பூச்சி மருந்து அதிகாரம் புது இலாகாவுக்கு மாறிற்று. அதன் தலைவராக இவரே வந்து சேர்ந்தார். 1971 ஜனவரியில் தீர்ப்பு வந்தபோது வழக்கின் பிரதிவாதி ரக்கல்ஸ்ஹவுஸ். எந்தக் கட்சிக்கு வக்கீலாக இருந்தாரோ அந்தக் கட்சியே தாமாக ஆகிவிட்டார்! தீர்ப்போ அவருக்கு விரோதம். டி.டி.டி. உபயோகங்களை ரத்துச் செய்வதற்கான நோட்டீசைக் கொடு என்று நீதிஸ்தலம் உத்தரவிட்டது. கொடுத்தார்.

அப்புறம் ஏழு மாத விசாரணை. 125 சாட்சிகள். 9,000 பக்கத்துக்கு மேல் வாக்குமூலம். விசாரணை செய்த அதிகாரி 1972 ஏப்ரலில், தடுக்க வேண்டியதில்லை என்று எழுதினார். இவர் அதை ஒப்புக்கொள்ளாமல், 1972 ஜூன் 14ஆம் தேதி, பெரும்பாலான உபயோகங்களை வருஷ முடிவோடு நிறுத்தும்படி உத்தரவு போட்டார். நோய்த் தடுப்புக்கு வேண்டிய உபயோகத்துக்கும் வெளிநாட்டு ஏற்றுமதிக்கும் விலக்கு வைத்தார். ஆகவே இவருடைய உத்தரவால் மலேரியா மருந்துக்கு உலகமெங்கும் தடை வந்துவிட்டது என்று பின்னால் கிளப்பிவிடப்பட்ட பேச்சு, உத்தரவைப் படித்துப் பார்க்காதவர்களின் பேச்சு.

“அன்றைக்கு ஒரு மாதிரி பேசினவர் இன்றைக்கு வேறு மாதிரி உத்தரவு போடுகிறாரே, இவருக்குச் சொந்தப் புத்தி உண்டா?” என்று யாரும் கேட்கலாம். நாமும் கேட்டுப் பார்த்தோம். வக்கீலாக இருந்தபோது அவர் சொன்னது கட்சிக்காரனுடைய வார்த்தை. தீர்மானிக்கிற இடத்தில் உட்கார்ந்தபோது சொன்னது சாட்சியத்தைக் கொண்டு எழுதிய வார்த்தை. அதற்குக் காரணங்களை எழுதி வைத்தார். எழுதி வைத்ததை மேல் நீதிஸ்தலம் 1973இல் ஒப்புக்கொண்டது. ஒரு மனிதனுடைய வாய் மாறியதா என்பதைவிட, மாறியதற்குக் காரணம் எழுத்தில் இருக்கிறதா என்பதையே நாம் பார்க்க வேண்டும்.

மோட்டார் கம்பெனிகளோடு நடந்த சண்டை பெரிய கதை; சுருக்கமாய்ச் சொல்லுகிறோம். 1975ஆம் வருஷத்து வண்டிகளிலிருந்து புகையிலுள்ள சில விஷங்களை 90 சதவீதம் குறைக்க வேண்டுமென்பது 1970இன் சட்டம். கம்பெனிகள் அவகாசம் கேட்டன. 1972இல் மறுத்தார். நீதிஸ்தலம் மறுபடி யோசிக்கச் சொல்லிற்று. 1973இல் ஒரு வருஷம் கொடுத்தார்; கொடுக்கும்போதே இடைக்காலத்துக்கு வேறு அளவுகளை வைத்தார். முடியவே முடியாது என்று சாதித்த கம்பெனிகள் 1975 வண்டிகளிலேயே புகையைச் சுத்தம் செய்கின்ற கருவியை வைத்து விற்றன. முதலாளிக்கு ‘முடியாது’ என்கின்ற வார்த்தைக்கு ‘செலவாகும்’ என்றுதான் அர்த்தம் என்பது அன்றைக்கு ருசுவாயிற்று.

ஒரு சனிக்கிழமை

1973இல் இவரை அந்த இலாகாவிலிருந்து எடுத்து, சில மாதம் துப்பறியும் இலாகாவுக்கும், பிறகு நீதி இலாகாவின் இரண்டாவது ஸ்தானத்துக்கும் கொண்டுபோனார்கள். அப்போது வாட்டர்கேட் ஊழல். விசாரணை வக்கீலான ஆர்ச்சிபால்டு காக்ஸ் என்பவர் ஜனாதிபதியின் பேச்சுப் பதிவுகளைக் கேட்டார். 1973 அக்டோபர் 20, சனிக்கிழமை இரவு, காக்ஸை நீக்கும்படி நிக்சன் உத்தரவிட்டார். நீதி இலாகாத் தலைவர் ரிச்சர்ட்சன் மாட்டேன் என்று ராஜிநாமா செய்தார். அடுத்த ஸ்தானத்தில் இருந்த ரக்கல்ஸ்ஹவுஸும் மாட்டேன் என்றார். அவருடைய ராஜிநாமாவைக்கூட வாங்கிக்கொள்ளாமல் நீக்கிவிட்டதாக ஜனாதிபதி மாளிகை அறிவித்தது. மூன்றாவது ஆசாமி உத்தரவை நிறைவேற்றினார். இந்தக் காலத்திலிருந்து பத்திரிகைகள் இவரை ‘மிஸ்டர் கிளீன்’ என்று எழுதத் தொடங்கின. பத்திரிகைக்காரர்கள் பட்டம் கொடுப்பதில் நமது மடாதிபதிகளுக்குச் சளைத்தவர்கள் அல்ல. ஆனால் உத்தியோகத்தைவிட உத்தரவின் நியாயத்தைப் பெரிதாக எண்ணி ஒரே இரவில் நாற்காலியை விட்டெழுந்தது பட்டத்துக்காக அல்ல என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பக்கம்

இனி நீங்கள் எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வருகிறோம். உத்தியோகம் போனதும் வாஷிங்டனில் கூட்டாளிகளோடு வக்கீல் கம்பெனி நடத்தினார். பிறகு 1976இல் மேற்குக் கரைக்குப் போய், வெயர்ஹாயுசர் என்கின்ற மிகப் பெரிய மரக் கம்பெனியில், சட்ட விவகாரங்களுக்குப் பொறுப்பான உபதலைவராய் அமர்ந்தார். காடுகளையும் காகிதக்கூழ் ஆலைகளையும் வைத்திருக்கின்ற கம்பெனி. எந்த இலாகாவுக்கு இவர் முதல் தலைவரோ, அந்த இலாகாவின் உத்தரவுகளுக்குக் கட்டுப்பட்ட கம்பெனி. பின்னாளில் மான்சான்டோ என்கின்ற ரசாயனக் கம்பெனியின் டைரெக்டர் சபையிலும் இருந்தார். இதை நாம் மறைக்கவில்லை. புகழ்கின்றவர்கள் மறைப்பார்கள், வைகின்றவர்கள் இதை மாத்திரமே சொல்லுவார்கள்.

இதிலுள்ள ஆபத்து லஞ்சம் வாங்குவது மாத்திரமல்ல. லஞ்சமாவது பிடிபடும். நாளைக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்கின்ற நினைப்பு இன்றைக்கு நோட்டீஸ் எழுதுகின்ற பேனாவை மெதுவாக்குமே, அதை எந்தப் போலீசார் பிடிப்பார்கள்? நேற்றைய முதலாளியின் பெயர் இன்றைய ரிக்கார்டில் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றுமே, அதை யார் பார்ப்பார்கள்?

இது நமது கற்பனை அல்ல. 1981இல் ரீகன் ஜனாதிபதியானதும், சுற்றுச்சூழல் இலாகாவுக்கு ஆன் கோர்சச் என்கின்ற அம்மையாரைத் தலைவராய் வைத்தார். அவரும் வக்கீல்தான். வழக்கு நடத்துகின்ற பிரிவையே கலைத்துப் பங்கு போட்டார், பணத்தைக் குறைத்தார், நீதி இலாகாவுக்குப் போகின்ற வழக்குகள் சுருங்கிப்போயின. விஷக் குப்பை மேடுகளைச் சுத்தம் செய்ய 160 கோடி டாலர் நிதி ஏற்படுத்தப்பட்டிருந்தது. அதற்குப் பொறுப்பாக ரீட்டா லாவெல் என்பவரைப் போட்டார்கள். அந்த அம்மாள் அதற்கு முன் ஏரோஜெட் என்கின்ற கம்பெனி வர்க்கத்தில் வேலை பார்த்தவர். கலிபோர்னியாவில் ஒரு விஷக்குழி விவகாரத்தில் அதே ஏரோஜெட்டின் பெயர் வந்தது. அது தமக்கு எப்போது தெரியும் என்பதில் சட்டசபைக்குப் பொய் சொன்னதற்காக, 1983 டிசம்பரில் குற்றவாளியென்று தீர்ப்பாகி ஆறு மாதம் தண்டனை பெற்றார். தலைவியான அம்மையாரோ தஸ்தாவேஜுகளைக் கொடுக்க மறுத்துச் சட்டசபையை அவமதித்தார் என்று தீர்மானமாகி, 1983 மார்ச்சில் ராஜிநாமா செய்தார். இலாகா நாறிப் போயிற்று. அப்போதுதான் ரீகன் சர்க்கார், மரக் கம்பெனியில் உட்கார்ந்திருந்த ரக்கல்ஸ்ஹவுஸை மறுபடியும் கூப்பிட்டது.

கம்பெனியிலிருந்து வருகின்ற இன்னொருவர் என்றுதானே ஜனங்கள் நினைப்பார்கள்? நினைத்தார்கள். அதற்கு அவர், என்னை நம்புங்கள் என்று நெஞ்சில் அடித்துச் சத்தியம் செய்யவில்லை. 1983 மே மாதம் வேலையை ஒப்புக்கொண்டதும் இலாகாக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மீன் வளர்க்கின்ற கண்ணாடித் தொட்டிக்குள் இருப்பதுபோல் இந்த இலாகா வேலை செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். தாமும் பெரிய அதிகாரிகளும் யார் யாரைச் சந்திக்கின்றார்கள் என்கின்ற பட்டியலைப் பொதுஜனங்கள் பார்க்கும்படி வைக்கச் செய்தார். ஆலைக்காரனைச் சந்திக்கக்கூடாது என்று சொல்லவில்லை; சந்தித்தால் ஊருக்குத் தெரிய வேண்டும் என்றார்.

தோழர்களே! இந்தக் கண்ணாடித் தொட்டியை நாம் பெரிதாக மதிக்கின்றோம். மனிதன் யோக்கியனா என்று உள்ளே புகுந்து பார்க்க நம்மிடம் கருவி கிடையாது. அவனே சொல்லிக்கொள்ளுவதும், பத்திரிகை கொடுக்கின்ற பட்டமும் சாட்சியாகாது. யாரைப் பார்த்தான், என்ன பேசினான், யாரிடம் எப்போது சம்பளம் வாங்கினான், என்ன காரணத்துக்காக உத்தரவு போட்டான் என்பவை எழுத்தில் திறந்து கிடந்தால் சோதித்துப் பார்த்துக்கொள்ளலாம். மூடிக் கிடந்தால் உத்தமன் வந்து உட்கார்ந்தாலும் நமக்கு லாபமில்லை.

1985இல் மறுபடியும் வெளியே போய் வக்கீல் தொழில் செய்தார். 1988இல் பிரவுனிங்-பெரிஸ் என்கின்ற குப்பை அள்ளும் பெரிய கம்பெனிக்குத் தலைவரானார். விஷக் கழிவு வியாபாரத்தால் பெயர் கெட்டுப்போயிருந்த கம்பெனி அது; 1990இல் அந்த வியாபாரத்திலிருந்து அதை விலக்கினார். நியூயார்க் நகரத்தில் கடைகளின் குப்பை அள்ளும் தொழில் அப்போது ஒரு கொள்ளைக் கூட்டத்தின் கையில் இருந்தது. இந்தக் கம்பெனி உள்ளே நுழைந்ததும், அதன் அதிகாரி ஒருவர் வீட்டில் வெட்டின நாய்த் தலை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். கம்பெனி ஓடிப்போகாமல் நகர சர்க்கார் வக்கீலோடு ஒத்துழைத்தது. 1995இல் கூட்டத்தாரின் பேரில் குற்றச்சாட்டு வந்தது. தனியார் சம்பளத்தில் இருந்தபோதும் நல்ல காரியத்துக்கு இடம் இருக்கத்தான் செய்தது. அதே சமயம், அந்தக் கம்பெனிக்கு நியூயார்க் வியாபாரத்தில் கிடைக்கக்கூடிய லாபமும் கொஞ்சமல்ல என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறோம். வயதான காலத்தில், 2017இல், தாம் உண்டாக்கிய இலாகாவைத் தம் கட்சிக்காரர்களே வலுவிழக்கச் செய்யப் பார்த்ததைக் கண்டித்துப் பத்திரிகையில் எழுதினார்.

டகோமா

ஒரு சங்கதியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்துக்கொண்டோம். நமது கூட்டத்திலுள்ள தொழிலாளித் தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாஷிங்டன் மாகாணத்தில் டகோமா என்கின்ற ஊரின் அருகே, அசார்கோ கம்பெனியின் தாமிரம் உருக்கும் ஆலை இருந்தது. 1890 முதல் அந்த இடத்தில் உருக்கு வேலை. அங்கே உருக்கிய தாதுவில் பாஷாணம், அதாவது ஆர்செனிக், நிறைய உண்டு. புகைபோக்கி வழியாக அது ஊரின் மேல் விழும். ஆலையில் சுமார் 570 பேருக்குப் பிழைப்பு. 1983இல் ரக்கல்ஸ்ஹவுஸ் இரண்டாந் தடவையாகத் தலைமைக்கு வந்தபோது இலாகாவின் கணக்கு இது: இப்படியே விட்டால் அந்தப் புகையால் வருஷத்துக்கு 4 பேருக்கு நுரையீரல் புற்றுநோய் வரக்கூடும்; கிடைக்கின்ற நல்ல கருவிகளை வைத்தால் 1 ஆகக் குறையும். அந்த ஒன்றையும் இல்லாமற் செய்ய வேண்டுமானால் ஆலையை மூட வேண்டியிருக்கும்.

வாஷிங்டன் நகரத்தில் உட்கார்ந்து உத்தரவு போட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், ஊர் ஜனங்களைக் கூட்டி, கணக்கை அவர்கள் முன் வைத்து அபிப்பிராயம் கேட்டார். “நியூயார்க் டைம்ஸ்” பத்திரிகை, கட்டைவிரல் மேலே போகிறதா கீழே போகிறதா என்று கூட்டத்தைப் பார்த்து உயிரைத் தீர்மானிக்கின்ற ரோமாபுரிச் சக்கரவர்த்திக்கு இவரை ஒப்பிட்டுக் கண்டித்தது. சட்டம் கொடுத்த பொறுப்பைத் தட்டிக் கழித்து ஜனங்கள் தலையில் போடுகின்றார் என்றவர்களும் உண்டு. அந்த ஆட்சேபணையில் சத்தில்லை என்று நாம் சொல்ல மாட்டோம். “உன் வேலையா, உன் பக்கத்து வீட்டுக்காரன் உயிரா, நீயே சொல்” என்று வயிற்றுக்கில்லாதவனிடம் கேட்பது நியாயமான கேள்வியா? ஆலைக்காரனிடமல்லவா கேட்க வேண்டும்?

ஆனால் கூட்டத்தில் நடந்ததைக் கேளுங்கள். பட்டணத்துப் படித்தவர்கள், இந்தக் கணக்கு ஜனங்களுக்குப் புரியாது, பயந்து கத்துவார்கள் என்று நினைத்தார்கள். வந்தவர்களோ, கணக்கு எப்படிப் போட்டீர்கள், எங்கள் தோட்டத்துக் காய்கறியைத் தின்னலாமா, மண்ணில் உள்ள பாஷாணம் என்ன ஆகும், ஆலையை மூடினால் பிழைப்புக்கு என்ன வழி என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார்கள். வேலை, சுகாதாரம் இந்த இரண்டில் எது என்று சர்க்கார் கேட்டதற்கு, ‘இரண்டும்’ என்கின்ற ஒரே வார்த்தையைப் பித்தானில் பொறித்துச் சட்டையில் குத்திக்கொண்டு வந்தார்கள். பெரிய உத்தியோகஸ்தர்களும் நிபுணர்களும் ஆறு மாதம் எழுதியும் சொல்லாத பதில் அது. ரக்கல்ஸ்ஹவுஸே இதைப் பிற்பாடு பல இடங்களில் எடுத்துச் சொல்லியிருக்கின்றார்.

முடிவு என்னவாயிற்று? இலாகா தீர்மானிக்கும் முன்பே, தாமிர விலை விழுந்துபோனதில் கட்டவில்லையென்று கம்பெனி 1984இல் அறிவித்து, 1985இல் ஆலையை மூடிவிட்டது. வேலையும் போயிற்று, பாஷாணமும் மண்ணில் நின்றுவிட்டது. எந்த ஜனங்களிடம் ‘எது வேண்டும்’ என்று கேட்டார்களோ அவர்களைக் கேட்காமலே சந்தை இரண்டையும் தீர்த்துவிட்டது. 1993இல் புகைபோக்கியை வெடிவைத்துச் சாய்த்தார்கள். வேடிக்கை பார்க்க ஊரே கூடிற்று. புகை விழுந்த இடம் 1,000 சதுர மைலுக்கு மேல் என்று பிற்பாடு அளந்தார்கள். வீடு வீடாகத் தோட்டத்து மண்ணை வெட்டி எடுத்துப் புது மண் போட வேண்டியதாயிற்று. கம்பெனி 2005இல் திவால் கொடுத்தது. அதன் பேரில் சர்க்கார் வக்கீல்கள் விடாமல் வழக்காடி, பல மாகாணங்களிலுள்ள அழுக்குக்காக 2009இல் 179 கோடி டாலர் வசூல் செய்தார்கள். டகோமாப் பக்கத்து மண்ணைச் சுத்தம் செய்கின்ற செலவுக்கும் அதிலிருந்து பங்கு வந்தது. அந்தப் பகுதியில் குழந்தைகள் விளையாடிவிட்டு வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போக வேண்டுமென்று மாகாண சுகாதாரக்காரர்கள் தாய்மார்களுக்குச் சொல்லிக்கொடுக்கின்றார்கள்.